வாய் வாசித்தால் போதுமா?

(பவள விழாவையொட்டிப் பள்ளி முற்றத்தில் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பேச அழைத்தபோது, "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க சாமி, அரை மணிக்கு மேல போக வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். கோவிலில் நான் கடிகாரம் பார்ப்பதில்லை என்ற குறை உங்களுக்கு உண்டு என்பதை நான் அறிவேன். இன்று பார்த்தே பேசுகிறேன்.

ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்க விரும்புகிறேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு பாட்டி சில ஆண்டுகளுக்கு முன்பு தம் சங்கிலியையும் இரண்டு வளையல்களையும் அடகு வைத்திருந்தார். அந்த இடத்திலிருந்து ஒரு நாள் தபாலில் கடிதம் வந்தது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பேத்தி நல்ல மாணவி. வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கியவள். முற்றுப்புள்ளி வரும் இடத்தில் நின்று, காற்புள்ளி வரும் இடத்தில் மூச்சு வாங்கி, கணீரென்று வாசித்து முடித்தாள். "ஏட்டி, என்ன போட்டிருக்கு?" என்று பாட்டி கேட்டார். "அதான் வாசிச்சேம்லா, பாட்டி!" என்றாள் பேத்தி.

கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வந்தது. அதை அவர் என்னிடம் கொண்டுவந்தார். நகைகள் ஏலம் போய்விட்டன என்று அதில் இருந்தது. முதல் கடிதத்தையும் எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். 'தவணை கடந்த', 'மீட்கப்படாத பட்சத்தில்' என்றெல்லாம் எழுதி, இன்ன தேதிக்குள் வராவிட்டால் ஏலம் விடுவோம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தார்கள். சிறுமி ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அவள் வாசிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டியின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அந்தப் பெண் பிள்ளையின்மேல் எனக்கு ஒரு துளியும் வருத்தம் இல்லை. எட்டு ஆண்டுகள் அவளை 'வாசி, வாசி' என்று சொன்ன நாங்கள், 'என்ன போட்டிருக்கு?' என்று ஒரு நாளும் கேட்கவில்லையே!

என் தந்தையார் சிறுவராக இருந்தபோது பீடச் சிறுவராகப் பூசைக்கு உதவியவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதற்கு முந்திய காலம் அது. பூசை இலத்தீனில். குருவானவர் சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டியவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தார்கள். தள்ளாத வயதிலும் என் தந்தையார் அவற்றைத் தட்டுத் தடங்கலின்றிச் சொல்வார். "அப்பா, இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டால், "அது சாமிக்குத் தெரியும்" என்பார். நான் குருமடத்தில் இலத்தீன் கற்று வந்து பொருள் சொன்னபோது, "இதைத்தானா சொல்லிக்கிட்டிருந்தேன்!" என்று வியந்தார்.

ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றியும் இப்படி ஒரு செய்தி உண்டு. 1652 வாக்கில் அவருக்குப் பார்வை முற்றிலும் போயிற்று. நூல்களை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். தம் மகள்களுக்கு இலத்தீன், கிரேக்கம் முதலான மொழிகளை உச்சரிக்க மட்டும் பழக்கினார், பொருளைக் கற்பிக்கவில்லை. மகள்கள் வாசித்தார்கள், தகப்பனாருக்கு விளங்கியது, வாசித்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாளடைவில் அது அவர்களுக்குப் பெரும் சுமையாகிவிட்டது என்று மில்டனின் மருமகனே எழுதி வைத்திருக்கிறார். ஆகாதா பின்னே?

நம் தமிழில் இந்த ஆபத்து அதிகம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. சொல் முன்பே பழகியதாக இல்லாவிட்டால் சரியாக உச்சரிப்பதே கடினம். தமிழில் 247 எழுத்து என்று மலைக்கிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், அவை சேரும் முறை, ஆய்தம், இவ்வளவுதான். இவை பிடிபட்டுவிட்டால் ஒரு குழந்தை தான் வாழ்நாளில் கேட்டிராத சொல்லையும் ஏறத்தாழச் சரியாக வாசித்துவிடும். நம் மொழியின் அழகு இது. ஆனால் கேட்கும் நமக்கோ, பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்ற மயக்கம் வந்துவிடுகிறது.

கல்வியியல் படிக்க ஆயர் அவர்கள் என்னை அனுப்பியபோது கற்ற ஒன்று நினைவில் நிற்கிறது. கஃப், டன்மர் என்ற இரு அறிஞர்கள் 1986-இல் வெளியிட்ட கருத்து அது. எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. வாசித்துப் புரிதல் என்பது இவ்விரண்டின் கூட்டல் அல்ல, பெருக்கல் என்றார்கள். கூட்டலானால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஓரளவு ஈடுகட்டும். பெருக்கலில் ஒரு பக்கம் சுன்னம் வந்தால் விடையும் சுன்னம்தான். உங்களுக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், வலை எவ்வளவு நல்ல வலையானாலும் வள்ளம் கடலில் இறங்காவிட்டால் மீன் ஏது?

எழுத்தறிவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஆசிரியர்கள் எண்ண வேண்டாம். அதுவே நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் சிறு வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதிதான். அதன்பின் 2022-இல் நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுத்த 'அசர்' கணக்கின்படி, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 4.8 பேர். 2018-இல் 10.2. வாசிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்த கணக்கு இது. 'இல்லம் தேடிக் கல்வி' என்று 2021-இல் தொடங்கிய திட்டத்தில் நம் தெருக்களிலேயே மாலை வகுப்பு நடத்திய தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள், செய்த தொண்டை இவ்விடத்தில் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

நிற்க. பிள்ளைகளுக்குப் புத்தகம் ஏன் புரிவதில்லை? முதல் காரணம், புத்தகத்தின் தமிழ் வீட்டுத் தமிழ் அல்ல. வீட்டில் "அப்பா வந்துட்டாவ" என்று பேசும் குழந்தைக்குப் புத்தகம் "தந்தை வந்துவிட்டார்" என்கிறது. நமக்கு இது ஒன்றாகத் தெரிகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பாதி அயல்மொழி. இத்தாலியிலிருந்து வந்த நம் வீரமாமுனிவர் (1680–1747) இந்த வேறுபாட்டை எவ்வளவு நுட்பமாகக் கண்டுகொண்டார் என்றால், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே எழுதினார். அயல்நாட்டார் ஒருவர் கவனித்ததை நாம் கவனிக்கத் தவறுகிறோம். குழந்தை வாசித்ததை அது தன் வாய்மொழியில் திருப்பிச் சொல்லும்போது, "வந்துட்டாவ இல்லை, வந்துவிட்டார் என்று சொல்" எனத் திருத்தினால் அந்த வாய் மூடிக்கொள்ளும். திருத்துவதற்கு வேறு வேளை இருக்கிறது. புத்தகத் தமிழை வீட்டுத் தமிழாக்கிச் சொல்லும் குழந்தை ஒரு மொழிபெயர்ப்பு வேலையையே செய்கிறது. அதற்குப் புரியாமல் அதைச் செய்யவே முடியாது.

முனிவரைச் சொன்னபோது அவருடைய பரமார்த்த குரு கதை நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளோடு படிக்க அதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை. ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் சீடன். ஆற்றைக் கடந்ததும் எல்லாரும் கரை சேர்ந்தோமா என்று எண்ணுகிறவன் தன்னை எண்ண மறந்துவிடுகிறான். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் அழுகிறார்கள். இதை நான் மூன்றாம் வகுப்பில் வாசிக்கச் செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாடம் வாசிக்கும் முகத்தோடு வாசித்து முடித்தார்கள். "குருவுக்குச் சீடர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "ஐந்து பேர்!" என்று கூரை அதிரச் சொன்னார்கள். சரியான விடைதான். ஆனால் அந்த விடைக்குக் கதையைப் படித்திருக்க வேண்டியதே இல்லை. 'ஐந்து' என்ற சொல் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும்.

பிறகு ஆறு பிள்ளைகளைக் கோவில் படிக்கட்டில் நிறுத்தி, நீங்கள்தான் குருவும் சீடரும், எண்ணுங்கள் என்றேன். ஒரு பையன் வரிசைக்கு வெளியே வந்து நின்று எண்ணினான். ஐந்து. இன்னொருவனை எண்ணச் சொன்னேன். அவனும் வெளியே வந்து எண்ணினான். ஐந்து. கடைசியில் நின்ற சிறுமிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாமி, அவன் அவனை எண்ணலை!" அவ்வளவுதான், முழு வகுப்பும் உருண்டு புரண்டு சிரித்தது. வேடிக்கைக் கதை படித்த பிள்ளை சிரித்ததா என்று பாருங்கள்; அதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை. அன்று மாலை அப்பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவையெல்லாம் வரிசையில் நிறுத்தி எண்ணியதாகக் கேள்விப்பட்டேன்.

நாம் கேட்கும் கேள்விகளைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் டோலரஸ் டர்க்கின் என்ற அம்மையார் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை நேரில் உட்கார்ந்து கவனித்து 1978–79-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கவனித்தது 4,469 நிமிடங்கள். அதில் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்த நேரம் 20 நிமிடங்கள்! கேள்விகள் கேட்டார்கள், விடை சரியா என்று பார்த்தார்கள்; அது சோதனையே தவிரக் கற்பித்தல் அல்ல. நம் ஊரில் யாராவது அப்படி உட்கார்ந்து கணக்கெடுத்தால் என்ன வரும் என்று நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. ஞானோபதேச வகுப்பும் இதற்கு விலக்கல்ல. கேள்வியும் நாமே கொடுத்து, பதிலையும் நாமே கொடுத்து, சொல் மாறாமல் ஒப்பிக்கச் செய்தோம். மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. அதனால் எனக்கே பயன் உண்டு. ஆனால் பிள்ளையின் சொந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை.

மேரி பட் ரோ என்ற மற்றோர் அம்மையார் 1970-களில் இன்னொன்றைக் கணக்கெடுத்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரி ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளை, அல்லது தாமே பதில். மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் விடை நீள்கிறது, வாய் திறவாத பிள்ளையும் பேசுகிறது என்று கண்டார். மூன்று விநாடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போன ஒரு நாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல விருப்பமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பேசியதற்கு நேர்மை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் நான்காம் வகுப்பைப் பார்வையிடச் சென்றேன். நெல் அறுவடையைப் பற்றிய ஒரு பக்கம். ஒரு பையன் எழுந்து நன்றாக வாசித்தான். களத்தில் போரடித்தார்கள் என்று ஒரு வரி வந்தது. "போரடித்தார்கள் என்றால் என்ன?" என்று கேட்டேன். பையன் சற்றே யோசித்து, "அவங்களுக்குச் சலிப்பா இருந்துச்சு, சாமி" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நின்றிருக்கலாம். "மண்டையில் இருப்பது என்ன, கடற்கரை மணலா?" என்று ஒரு சொல்லும் சொன்னேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிரவு அந்த விடையை நினைத்துப் பார்த்தேன். அவன் தவறாக என்ன சொன்னான்? தெரியாத சொல் வந்தது. தனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு பொருள் காண முயன்றான். 'போரடிக்குது' என்பதைத்தான் அவன் தினமும் கேட்கிறான். நல்ல வாசகன் செய்வதைத்தான் செய்தான். கடலும் மணலும் பனையும் பார்த்து வளர்ந்த பிள்ளை வரப்பையும் களத்தையும் எங்கே கண்டான்? மண்டையில் குறை இருந்தது அவனுக்கல்ல. ஆனால் வகுப்பு ஆசிரியை பின்னர் என்னிடம் சொன்னார்: அதன்பின் அவன் வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறான், ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். பல மாதங்கள் அப்படியே இருந்தான். ஒரு குருவின் ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை.

ஒரு சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் போனேன். அவன் தன் தந்தையோடு வலை பின்னிக்கொண்டிருந்தான். நான் உள்நாட்டுக்காரன், எனக்கு வலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அங்கே உட்கார்ந்து உண்மையாகவே தெரியாமல் கேட்டேன். ஒரு வலையின் கண் ஏன் சிறிது, இன்னொன்றின் கண் ஏன் பெரிது? முதலில் தந்தைதான் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையன் குறுக்கே புகுந்தான். சாளைக்கு இந்தக் கண், நெத்திலிக்கு அதைவிடச் சிறுசு. பெரிய கண்ணிலே நெத்திலி நுழைந்து போயிரும். மேலே மிதப்பு, கீழே ஈயம், இல்லாட்டி வலை சுருண்டுகொள்ளும், தண்ணிக்குள்ளே சுவர் மாதிரி நிற்காது. ஏன், எதற்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கோவையாக, காரணத்தோடு கால்மணி நேரம் பேசினான். வகுப்பில் தலை குனியும் பிள்ளையா இவன்!

1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர், ஆனால் ஆட்டம் தெரியாதவர் ஒரு பக்கம்; வாசிப்பில் பின்தங்கியவர், ஆனால் ஆட்டம் நன்கு தெரிந்தவர் மறுபக்கம். ஆட்டம் தெரிந்தவர்களே பகுதியை நன்றாகப் புரிந்து நினைவில் வைத்தார்கள். புரிதல் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சாமர்த்தியம் அல்ல. பொருளைப் பற்றிய அறிவு முன்பே இருந்தால்தான் புதியது போய் ஒட்டும். ஆகவே பிள்ளைகளைச் சந்தைக்கும் கடற்கரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுவதும் வாசிப்புப் பாடந்தான்.

உள்நாட்டுப் பங்கில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் சொல்லி, கதிரோடு இரண்டு கட்டு நெல்லரி வரவழைத்தேன். பள்ளி முற்றத்தில், இதோ இந்த இடத்தில்தான், ஒரு கல்லைப் போட்டுப் பிள்ளைகளை அடிக்கச் சொன்னோம். நெல் சிதறியது. கையில் எடுத்துப் பார்த்தார்கள், உமியை உரித்தார்கள், தின்றார்கள். முதலில் கையால் அடிப்பார்கள், பிறகு அந்தத் தாளை வட்டமாகப் பரப்பி மாட்டை நடக்கவிட்டு மிச்ச நெல்லை உதிர்ப்பார்கள், அதுதான் போரடித்தல் என்று சொன்னேன். பாடத்தை மறுபடி வாசித்தோம். அந்தப் பையன் கையைத் தூக்கினான். "சாமி, மாடு சுத்தி வரும்போது நெல்லைத் தின்னுராதா?"

அதைப்போல் ஒரு கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன் போலும். அந்தக் கேள்வி பாடநூலில் இல்லை. மோசேயின் சட்டத்தில் இருக்கிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்று இணைச்சட்டத்தில் ஒரு கட்டளை உண்டு. பவுலடியார் அதைத் தம் திருமுகத்திலும் எடுத்தாள்கிறார். அதை அவனுக்குச் சொன்னேன். "அப்போ கொஞ்சம் தின்னுக்கலாம்" என்று முடிவு செய்தான். அந்தப் பழைய சொல்லுக்காக அவனிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் இன்றுவரை அவன் பேசுமுன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான். அது மறையவில்லை.

இவையெல்லாம் ஆசிரியர்களுக்கு; எங்களுக்கு என்ன என்று பெற்றோர்கள் நினைக்கலாம். மீன் விற்கும் ஒரு தாய் என்னிடம் நேராகவே கேட்டார்: "எனக்குக் கையெழுத்தே வராது சாமி. நான் எப்படிப் படிச்சுக் குடுப்பேன்?" அம்மா, படித்துக்கொடுக்க வேண்டாம். அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், "எனக்கு விளங்கலை, கதையா சொல்லு" என்று கேளுங்கள். எங்களைவிட நீங்களே இதற்குத் தகுந்தவர். ஆசிரியர் விடையைத் தெரிந்துகொண்டே கேட்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியும். அம்மாவுக்கு உண்மையாகவே தெரியாது என்பதும் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே அம்மாவுக்குச் சொல்லும்போதுதான் அது முழுதாகச் சொல்லியாக வேண்டும், விட்டுவிட்டுச் சொன்னால், "அப்புறம் எப்படி அவன் அங்க வந்தான்?" என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தத் தாய் செய்து பார்த்துவிட்டு வந்து, "போம்மா, இதுகூடத் தெரியலையான்னு கோவிச்சுக்கிடுதான் சாமி" என்றார். கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொண்டே பையன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தானாம், எங்கே விட்டோம் என்று. அதுதான் வேண்டும்.

பாலின்க்சர், பிரவுன் என்ற இரு பெண்மணிகள் 1984-இல் ஒரு முறையைச் சோதித்து எழுதினார்கள். பிள்ளைகள் ஒரு பகுதியைப் படித்ததும் நான்கு காரியம் செய்ய வேண்டும்: சுருக்கிச் சொல்வது, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது, விளங்காததை விளங்கவைப்பது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியர் இடத்தில் அமர்வார்கள். அவர்கள் சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் செய்தது இது. சின்னப் பிள்ளைகளுக்கு நான்கையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். அடுத்தது என்ன என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம், பக்கத்தைத் திருப்புமுன், "இனி என்ன செய்வான்?" என்று ஒரு கேள்வி. பிள்ளை சொன்னது தப்பாகப் போனாலும் மகிழ்ச்சிதான். ஊகித்த பிள்ளை பார்க்க ஆவலோடு வாசிக்கும்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்வி. உலகத்தில் எந்தப் பிள்ளையும் அதற்கு இல்லை என்று சொன்னதில்லை. நான்கூடக் குருமடத்தில் மெய்யியல் பேராசிரியரிடம் மூன்று ஆண்டும் "புரிந்தது ஃபாதர்" என்றே சொல்லிவந்தேன். அதற்குப் பதில், "இந்தப் பக்கத்தில் கஷ்டமான வார்த்தை எது?" என்று கேளுங்கள். தெரியாததைச் சொல்வது அப்போது குற்றமாகாது, விடையாகிவிடும்.

வரிக்கு வரி நிறுத்திக் கேள்வி கேட்டு வதைக்கவும் வேண்டாம். நல்ல கதையை நிறுத்தாமல் படிக்கவிடும் நாளும் வேண்டும். கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். அதைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லி நான் உங்களிடம் தோற்றுப்போக விரும்பவில்லை. பிரதம் புக்ஸ் என்ற அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தில் தமிழிலும் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால் அதுவும் புத்தகந்தான். அரசுப் பள்ளிகளுக்காக 2023-இல் வந்த 'வாசிப்பு இயக்க'த்தின் சிறு நூல்களும் நன்றாக இருக்கின்றன. 'நுழை, நட, ஓடு, பற' என்று படி வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும்.

கடிகாரம் நான் மீறிவிட்டேன் என்கிறது. ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பவள விழாவுக்காகப் பலரும் பலவற்றைக் காணிக்கையாகத் தந்தீர்கள்; புதுக் கொடிமரம் வந்தது, மணிக்கூண்டுக்கு வண்ணம் பூசினோம். வரும் சனிக்கிழமை முதல் மாலை நான்கு மணிக்குக் குருமனைத் திண்ணையில் பாய் விரித்து வைப்போம். புத்தகங்களை நான் வாங்கி வைத்திருக்கிறேன், எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பிள்ளைகள் வாசிப்பார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும். வலைக்குப் போகாத நாளில் தகப்பன்மார் வாருங்கள். எழுத்துத் தெரியாத தாய்மார், பாட்டிமார் முன்வரிசைக்கு வாருங்கள். நகையை இழந்த அந்தப் பாட்டி தாம் வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். "கடுதாசி வந்தாலும் கொண்டாரலாமா சாமி?" என்று கேட்டார். கொண்டுவரலாம். பேத்தியும் வருகிறாள்.